தரகர் வெங்கடாசலம் விழுங்கிய உறவு

திருச்செங்கோட்டைச் சுற்றிப் பத்து மைலுக்குள் கல்யாணத் தரகர் வெங்கடாசலத்தைத் தெரியாத வீடு ஒன்று இருக்கிறதென்றால், அந்த வீட்டில் ஆள் குடியில்லை என்று பொருள். எழுபது வயது. ஒரு பழைய மொபெட், அதில் தொங்கும் ரெக்சின் பை, பைக்குள் ஜாதகக் கட்டு. ஆனால் பையைத் திறந்து பார்க்கும் அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஒருவர் சில்லறை தேடித் துழாவுகிற தோரணையை வைத்தே அவர் எந்தக் கூட்டம், எந்த ஊரில் பெண் எடுத்தவர், மாமியாரோடு பேச்சு இருக்கிறதா நின்றுவிட்டதா என்பது வரை சொல்லிவிடுவார். ஒரு நாள் தெருவில் போன நாயைப் பார்த்து, "இது மோர்ப்பாளையத்து நாயாச்சே" என்றாராம். நாய் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியதாம். ஆட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

தெரிந்து வைத்திருப்பதில் பாதி கெட்டிக்காரர் என்றால், மறைப்பதில் முழுக் கெட்டிக்காரர். ஒரு மாப்பிள்ளைக்கு வலது கால் சற்றுக் குட்டை. வெங்கடாசலம் அவனைப் புல்லட்டில் உட்கார வைத்துப் பெண் வீட்டு வாசல் வரை கூட்டிப் போனார். வண்டியை விட்டு இறங்க விடவில்லை. "தம்பிக்கு சங்ககிரில அவசர லோடுங்க, தாகத்துக்கு மட்டும் குடுங்க, கெளம்போணும்" என்றார். பெண்ணே சொம்பை எடுத்துக்கொண்டு வண்டியண்டை வந்தாள், பார்த்தாள், சிரித்தாள், கல்யாணம் முடிந்தது. இப்போது மூன்று பிள்ளைகள். இப்படி நாற்பது கதை உண்டு. டீக்கடையில் உட்கார்ந்து அவரே சொல்வார். கேட்கிறவர்கள் டீ ஆறுவது தெரியாமல் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன பங்குனியில் சொந்தக் கதை ஒன்று தொண்டையில் நின்றுகொண்டது.

இந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கூட்டம்தான் எல்லாம். அப்பன் வழியில் வரும் குலப்பிரிவு அது. ஒரே கூட்டத்துக்காரர்கள் முகமே பார்த்திராவிட்டாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, சம்பந்தம் பேசக்கூடாது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சின்னண்ணன் ஒரு கூட்டம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் தமிழரசு வேறு கூட்டம். சின்னண்ணனின் இளைய மகள் சண்முகப்பிரியாவைத் தமிழரசுக்கு முடித்து வைத்தவர் வெங்கடாசலம். அது நடந்து மூன்று வருடம்.

சாதாரண முடிப்பு அல்ல அது. சின்னண்ணன் பத்தொன்பது மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழித்தவர். தமிழரசின் அம்மா வசந்தாமணி இருபத்து மூன்று பெண்களை ஓரம் கட்டியவள். ஒரு பெண்ணை, முறுக்கைக் கடிக்கிற சத்தம் சரியில்லை என்று சொல்லியே வேண்டாம் என்றாள். "இந்த ரெண்டு ஊட்டையும் சேத்து வெக்கறவன்தான்டா தரகன்" என்று மற்றத் தரகர்கள் பேசிக்கொண்டது வெங்கடாசலத்தின் காதில் விழுந்தது. அந்தப் பேச்சுதான் அவரைக் கெடுத்தது.

ஏனென்றால் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. அவருடைய அப்பனும் தரகர். எழுபத்தெட்டு வருடம் முந்தி, வேலூரில் புருசனை இழந்து ஏழு பிள்ளைகளோடு நின்ற ஒருத்தியிடமிருந்து, பால் குடி மறந்த கடைசிப் பையனை வாங்கி, பிள்ளையில்லாத திருச்செங்கோட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். கொடுத்த வீட்டில் பிள்ளை அம்மை கண்டு செத்தது என்று சொல்லி, வெறும் குழியை மூடிக் கல் வைத்தார்கள். வாங்கிய வீட்டுக்காரி பொறந்த வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, நடக்கிற பிள்ளையோடு வந்து, "நான் பெத்தது" என்றாள். பிள்ளை வயசுக்கு மீறி வளர்ந்திருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, "எங்கம்மா ஊட்டு எருமைப்பால் அப்படி" என்றாளாம். ஊர் நம்பியது. அந்தப் பையன்தான் தமிழரசின் அப்பாரு, அதாவது அப்பனைப் பெற்றவர். வேலூரில் அவனோடு கூடப்பிறந்த மூத்தவன் சின்னண்ணனின் அப்பன்.

வெங்கடாசலத்தின் அப்பன் சாகும்போது இதைச் சொல்லி, "எந்தக் காலத்திலயும் அந்த ரெண்டு ஊட்டுக்கும் சம்பந்தம் பேசிப்போடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வெங்கடாசலம் சரி என்றார். அப்புறம் பேசினார். அந்தக் கல்யாணப் பந்தலில் சந்தனம் பூசிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

சண்முகப்பிரியாவின் அக்கா கமலவேணியை வேலூரிலேயே அத்தை மகனுக்குக் கொடுத்திருந்தது. அவளுக்குப் பிறந்த பையன் ஆறு மாதம் வரை நன்றாக இருந்து, பிறகு கழுத்து நிற்காமல், கண் பார்வை போய், இரண்டு வயதில் இறந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்து நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். சரக்கு ரயில் மாதிரி நீளமான பெயர். அதனால்தான் சண்முகப்பிரியா உண்டானதும், சேலத்தில் மரபணு பார்க்கும் டாக்டர் ரஞ்சனியிடம் அனுப்பினார்கள்.

டாக்டர் இரண்டு குடும்பத்து விவரமும் தெரிந்த பெரியவர் யாராவது வேண்டும் என்றார். வசந்தாமணி மருமகளோடு வெங்கடாசலத்தையும் பேருந்தில் ஏற்றிக் கூட்டிப் போனாள். "ரெண்டு பக்கத்துப் பரம்பரையும் இவரு நாக்குல இருக்குதுங்க டாக்டரம்மா" என்று பெருமையாக அறிமுகம் செய்தாள்.

சுவரில், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகை. அதற்குக் கீழே உட்கார்ந்து டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்துகொண்டே போனார். வெங்கடாசலம் சொல்லச் சொல்லக் கட்டமும் வட்டமும் தாள் கொள்ளாமல் பெருகின. எத்தனை பேர், யார் எப்போது இறந்தார்கள், எந்தப் பிள்ளை தங்கவில்லை. டாக்டர் பேனாவை நிறுத்தி, "கம்ப்யூட்டர் தோத்துடும் ஐயா" என்று சிரித்தார். வெங்கடாசலத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"பிரியா, உங்க அக்கா குழந்தைக்கு இருந்த பிழை உங்க ரத்தத்துல ஒத்தையா இருக்கு. ஒத்தையா இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க வீட்டுக்காரருக்கும் அதே பிழை இருந்தாத்தான் கவலை. அப்படி இருந்தா நாலுக்கு ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு அந்த நோய் வர. வெளியாளா இருந்தா அவருக்கு இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம்." டாக்டர் நிமிர்ந்தார். "ரெண்டு குடும்பமும் முன்னாடியே சொந்தமா?"

"சுத்த அன்னியங்க" என்றார் வெங்கடாசலம். "வேற வேற கூட்டம்."

"நான் கூட்டத்தைக் கேக்கலைங்க ஐயா. ரத்தத்தைக் கேக்கறேன்."

வசந்தாமணி அவர் வாயையே பார்த்தாள். சண்முகப்பிரியாவும் பார்த்தாள்.

"அதுவும் இல்லைங்க" என்றார்.

டாக்டர் தாளில் ஒரு கட்டத்தையும் ஒரு வட்டத்தையும் ஒற்றைக் கோட்டால் சேர்த்தார். "சந்தோஷம். இருந்தாலும் அவர் ரத்தத்தையும் பாத்துடுவோம். இப்ப ஏழாவது வாரம். பதினொண்ணுலேர்ந்து பதிமூணு வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடியில சின்னத் துணுக்கு எடுத்துப் பாக்கறதுதான் நல்லது. அதுக்கு முன்னாடி அவர் ரிசல்ட் எனக்கு வேணும்."

"அவன் சத்தீஸ்கர்ல ரிக்கோட நிக்கறானுங்க" என்றாள் வசந்தாமணி. "மழை புடிச்சாத்தான் வண்டி திரும்பும். ரெண்டரை மாசம் ஆவும்."

"அங்கேயே ராய்ப்பூர்ல குடுக்கலாம்மா."

"ஊசின்னா அவன் மயங்கி உழுந்துருவானுங்க. ஆயிரம் அடி பாறையைத் தொளைக்கறவன், ஊசியைக் கண்டா கண்ணு சொருகிரும். அன்னியம்னா பயமில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்கல்ல? வந்தப்பறம் பாத்துக்கலாமுங்க."

திரும்பும்போது பேருந்தில் சண்முகப்பிரியா அவருக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள், அளந்துதான் பேசுவாள். சங்ககிரி தாண்டியதும், "தாத்தா, நீங்க சொன்னப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சுங்க" என்றாள். வெங்கடாசலம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது அந்த வெள்ளைத் தாள் கண்ணில் வரும். மறுபடி உட்கார்ந்து சமாதானம் சொல்லிக்கொள்வார். தத்துப் போனவன் போன வீட்டுக் கூட்டம்தானே? அந்த அப்பாருக்குப் பிழை இல்லாமலும் இருக்கலாமே? இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளைகளின் கல்யாணம் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டுப் பார்த்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்: வெங்கடாசலத்தின் பெயர் என்ன ஆகும்? அது தெரிந்ததும் யாருமில்லாத இடத்திலேயே அவருக்கு முகம் சுட்டது.

டீக்கடையில், "அந்தப் புல்லட் மாப்பிள்ளை கதையைச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். ஆரம்பித்தார். பெண் சொம்போடு வரும் இடத்தில் நின்றுவிட்டார். அவள் அவனை இறங்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், அவளுக்கு அந்த உரிமை இருந்தது என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது. "வயித்து வலி" என்று சொல்லி எழுந்து போனார்.

ஒன்பதாவது வாரத்தில் வேறொரு ஜாதகத்துக்காக வேலூர் போக நேர்ந்தது. வாய்க்கால் பாலத்துக்கிட்டே கமலவேணி பார்த்துவிட்டாள். "தரகர் தாத்தா, ஊட்டுப் பக்கம் வராம போறீங்க?" தப்ப வழியில்லை. கூட்டிப்போய் மோர் கொடுத்தாள். அவர் கேட்கவில்லை, அவளாகவே பேசினாள்.

"ஆறாம் மாசம் கழுத்து நின்னுச்சுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேனுங்க. எட்டாம் மாசம் நிக்கல. அப்பறம் சத்தம் கேட்டா தூக்கித் தூக்கிப் போடும். வாசல்ல தட்டு கீழ உழுந்தாக்கூட. அதுக்காக நாங்க ஒரு வருசத்துக்கு மேல ஊட்டுல எவர்சில்வர் பாத்திரமே பொழங்கலைங்க, எல்லாம் பிளாஸ்டிக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "பிரியாளுக்குப் பயமில்லைன்னு அப்பா சொன்னாரு. ரெண்டு ஊடும் அன்னியம்னு டாக்டருகிட்ட தரகரே நேர்ல சொல்லிட்டாருன்னாரு. அன்னிக்குத்தானுங்க நான் தூங்குனேன்."

வெங்கடாசலத்தின் கையில் இருந்த மோர்த் தம்ளர் பிளாஸ்டிக். அப்போதுதான் பார்த்தார். குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, "வாரேன் அம்மிணி" என்று எழுந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருச்செங்கோட்டு வீட்டில் நின்றார். வசந்தாமணி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் சாப்பாட்டுப் பையோடு நின்றாள்.

"வாங்கண்ணா, கட்டல்ல உக்காருங்க. என்ன இன்னேரத்துக்கு? யாரு ஊட்டுல பொண்ணு ஓடிப்போச்சு?"

கட்டிலில் உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பூசி மெழுகின பேச்சு ஒன்றும் வரவில்லை. "வசந்தாமணி, உம்மட மாமனாரு இந்த ஊட்டுல பொறக்கலை."

"காலங்காத்தால கள்ளு கிள்ளு குடிச்சுப்போட்டு வந்தீங்களா?"

"சின்னண்ணனோட அப்பனும் உம்மட மாமனாரும் ஒரு வயித்துப் பொறப்பு. எங்கப்பன்தான் பிள்ளையைத் தூக்கியாந்து குடுத்தது."

முழுவதையும் சொன்னார். வெறும் குழியை, எருமைப்பாலை, எதையும் விடவில்லை. வாழ்நாளில் அலங்காரம் இல்லாமல் அவர் சொன்ன ஒரே கதை அதுதான். வசந்தாமணியின் கையில் ஈரத் தவிடு காய்ந்துபோயிற்று.

"அப்ப எம்பையனும் இவளும்..." அதற்கு மேல் அந்த முறையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பங்காளிங்க" என்றார்.

"எந்திரிங்க" என்றாள் வசந்தாமணி. சத்தம் போடவில்லை. "எங்க ஊட்டுக் கட்டல்ல உக்காராதீங்க. எந்திரிங்க."

எழுந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் மாட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றார்.

சண்முகப்பிரியா பையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும் தாத்தா?"

"கல்யாணத்துக்கு முந்தியே, கண்ணு."

"டாக்டர் கேட்டப்ப?"

"தெரியும்."

"ரத்தத்தைக் கேக்கறேன்னு ரெண்டாந்தரமும் கேட்டாங்களே, அப்ப?"

"அப்பவுந்தான்" என்றார்.

"இனிமே என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க" என்றாள். பிறகு மாமியாரின் பக்கம் திரும்பினாள். "அத்தே, முறைக்கெல்லாம் பொறவு அழுதுக்கலாம். ஃபோனை எடுங்க."

ஃபோனில் ரிக் வண்டி இரைகிற இரைச்சலுக்கு நடுவே தமிழரசின் குரல் வந்தது. "என்ன பிரியா? இங்க எண்ணூறு அடில நிக்குது, தண்ணி இன்னும் காங்கலை!"

"எண்ணூறு அடிலயே நிக்கட்டும். எனக்கு ஒம்பதாவது வாரம் ஓடுது. இன்னிக்கே ராய்ப்பூர் போய் ரத்தம் குடுங்க."

"அதான் அன்னியம்னு..."

"அன்னியம் இல்லையாமா. போயிட்டு வாங்க, சொல்றேன். மயக்கம் வந்தா படுத்துட்டே குடுங்க."

அன்று மதியமே சேலத்துக்கும் போனார்கள். வசந்தாமணி முன் இருக்கையில். வெங்கடாசலம் கடைசி இருக்கையில். இருவருக்கும் டிக்கெட் தனித்தனி. டாக்டர் ரஞ்சனி அந்தப் பழைய தாளை எடுத்தார். வெங்கடாசலம் நின்றுகொண்டே சொன்னார். டாக்டர் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, வேலூர்க் குடும்பத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு தமிழரசையும் சண்முகப்பிரியாவையும் சேர்த்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தார். சொந்தத்துக்குள் கட்டினால் இரட்டைக் கோடாம். திட்டுவார் என்று வெங்கடாசலம் எதிர்பார்த்தார். டாக்டர் திட்டவில்லை. "நல்லவேளை, வாரம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

"டாக்டரம்மா, இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக்கூடாதுங்க" என்றாள் வசந்தாமணி. "ஊருக்குத் தெரிஞ்சா எங்களைக் கோயில்ல சேத்த மாட்டாங்க."

"என்கிட்டேயிருந்து போகாதும்மா. எனக்குக் கூட்டம் தெரியாது. குழந்தைதான் தெரியும்." பிறகு வெங்கடாசலத்திடம் திரும்பினார். "ஐயா, இதே வேர்ல ரெண்டு பக்கமும் சேர்ற மாதிரி வேற யாருக்காவது முடிச்சு வெச்சிருக்கீங்களா? இன்னும் குழந்தை பெத்துக்கப் போறவங்க?"

அவருக்கு யோசிக்கத் தேவையில்லை, நாக்கில் இருந்தது. ஆனாலும் நேரம் எடுத்துக்கொண்டார். "மூணு சோடிங்க" என்றார். "ரெண்டு, அவிங்களுக்கே தெரிஞ்ச சொந்தம். ஒண்ணு..." அதையும் சொன்னார். "அதுவும் இது மாதிரி நான் மறைச்சதுங்க." இரண்டாம் முறை மறைக்கும்போது கை கூசக்கூட இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"மூணு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லி, ரத்தம் குடுக்க வைங்க ஐயா" என்றார் டாக்டர்.

தமிழரசுக்கும் அந்தப் பிழை இருந்தது. ராய்ப்பூரில் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி கையை நீட்டினானாம். ரயிலேறி வந்துவிட்டான். பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடித் துணுக்கு எடுத்தார்கள். முடிவு வரும் வரை பதினாறு நாள் அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரு வழியாக அவர் மொபெட்டை உருட்டிக்கொண்டு போனாரே தவிர ஓட்டவில்லை. சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால் முகத்தை எங்கே வைப்பது? பதினேழாம் நாள் ஃபோன் வந்தது.

"நான் பிரியா. குழந்தைக்கு ஒத்தைப் பிழைதான். எங்களை மாதிரியே. நோய் வராதாமா."

"சாமி..." என்றார்.

"இதை உங்ககிட்ட சந்தோசமா சொல்லலீங்க. டாக்டர் ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாங்க. மத்த மூணு ஊட்டுக்கும் போனீங்களா?"

"ரெண்டுக்குப் போயிட்டேன். அவிங்க ரத்தம் குடுத்துட்டாங்க."

"மூணாவது?"

"இன்னும் போவலை" என்றார். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது வீடு ஓமலூருக்கு அப்பால். தையில் கல்யாணமானவள் யுவஸ்ரீ. மறுநாள் காலை பேருந்து பிடித்துப் போனார். வாசலில் அவரைக் கண்டதுமே அவள், "ஏனுங்க, இங்க பாருங்க, நம்ம கல்யாணத்தை முடிச்சு வெச்சவரு!" என்று உள்ளே கூவினாள். நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். புருசன்காரன் ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். காபி வந்தது, கூடவே ஒரு தட்டு நிறையப் பலகாரம்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க தாத்தா, உங்களுக்கு யாராச்சும் சொல்லிட்டாங்களா?" அவள் வெட்கத்தோடு புருசனைப் பார்த்தாள். "நாள் தள்ளியிருக்குதுங்க. ஆறு வாரம். இன்னும் எங்கம்மாவுக்கே சொல்லலை."

வெங்கடாசலம் காபித் தம்ளரைத் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். இன்னும் சற்று நேரத்தில் எழுந்திருக்கச் சொல்லப் போகிறார்கள். அதற்கு முன்னால் தானே எழுந்துவிடுவது நல்லது.

"ரெண்டு பேரும் உக்காருங்க அம்மிணி" என்றார். "நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணியிருக்கேன்."